எஃப்.எம்.ஆர்.ஐ. பரிசோதனையைத் திட்டமிடுவது எப்படி? நீலகிரி ஆய்வு மாணவர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் உளவியல், மொழியியல், மருந்தியல் படிப்பவர்கள் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வை, அதாவது மூளை வேலை செய்யும்போதே காந்த ஸ்கேனரால் படமெடுக்கும் ஆய்வை, தொடங்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஸ்கேனர் கீழே கோவையில். மணிக்கணக்கில் வாடகை, பங்கேற்பவரைப் பர்லியாறு வழியாக இறக்கிக் கூட்டிப்போக வண்டிச் செலவு, அவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். இவ்வளவும் செலவழித்து எடுத்த படம் ஒன்றும் சொல்லாமல் போனால், பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இருக்காது. தூண்டல்களை, அதாவது பங்கேற்பவருக்குக் கொடுக்கும் சொல், வாசனை போன்றவற்றை, எந்த வரிசையில், எந்த இடைவெளியில் போட்டோம் என்பதில்தான், அதாவது டிசைனில்தான், இருக்கும். அதை ஸ்கேனர் அறைக்குப் போகும் முன்பே, லேப்டாப்பில், பைசா செலவில்லாமல் சரிபார்த்துவிடலாம்.

பதில்களில் பெரும்பாலும் ஒரே கற்பனைப் பரிசோதனை எடுத்துக்காட்டாக வரும்: நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு, தமிழ் இரண்டும் சரளமாகப் பேசுபவருக்கு இரண்டு மொழிச் சொற்களையும் ஹெட்போனில் கேட்கவைத்து, மூளை இரண்டையும் வேறுவேறாகக் கையாள்கிறதா என்று பார்ப்பது. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையில ஓடுற கரண்ட்டையா அளக்குது?

இல்லை. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்குச் சிறு காந்தத் தன்மை உண்டு. புது ரத்தம் வந்து அதை அடித்துக்கொண்டு போகும்போது எம்.ஆர்.ஐ. சிக்னல் கொஞ்சம் உயர்கிறது. இதைத்தான் போல்டு சிக்னல் என்கிறோம். செய்ஜி ஒகாவா 1990இல் காட்டியது இது.

அந்த உயர்வு மெதுவானது. சொல் காதில் விழுந்து ஒன்றிரண்டு வினாடி கழித்து ஏறத் தொடங்கும்; 5, 6 வினாடியில் உச்சம்; பிறகு இறங்கி, அடிமட்டத்துக்குக் கீழே சற்றுத் தாழ்ந்து, பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 30 வினாடி ஆகும். மேலே அவலாஞ்சியில் அரைமணி மழை கொட்டினால் கீழே ஓடையில் தண்ணீர் எப்படித் தாமதமாக ஏறி, மெல்ல வடியுமோ அப்படி. நாம் அளப்பது ஓடையின் மட்டம். தெரிந்துகொள்ள விரும்புவது மழை. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த ஓடைதான் அடிப்படை.

செயல்திறன், செயல்திறன்னு சொல்றீங்க. பவர்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுதானே?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. ஒரு டிசைனின் செயல்திறன் என்பது, நீங்கள் கேட்கும் ஒப்பீட்டை அந்த வரிசையும் இடைவெளியும் எவ்வளவு துல்லியமாக மதிப்பிடவிடும் என்பதன் அளவு. இரைச்சல் (நாம் தேடாத சிக்னல் ஏற்ற இறக்கம்) 1 என்று வைத்து, மதிப்பீட்டின் வேரியன்ஸைக் (அது எவ்வளவு சிதறும் என்பதன் அளவைக்) கணக்கிட்டு, 1ஐ அதனால் வகுத்தால் வருவதுதான் செயல்திறன். இதற்கு டிசைன் மேட்ரிக்ஸும் (ஒவ்வொரு வகைத் தூண்டலுக்கும் சிக்னல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று நிரல் நிரலாக எழுதிய அட்டவணை) கான்ட்ராஸ்ட்டும் (எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்ற ஒப்பீட்டின் எடைகள்) போதும். ஒருவரைக்கூட ஸ்கேன் செய்யத் தேவையில்லை. பவர் என்பது உண்மையில் இருக்கும் விளைவு முடிவில் தெரியவரும் வாய்ப்பு. அதற்கு இவற்றோடு விளைவின் அளவு, உண்மையான இரைச்சல், ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் தெரிய வேண்டும்.

ஒரு பொறி: செயல்திறன் எண்ணுக்குத் தனியாக நின்று அர்த்தம் கிடையாது. கான்ட்ராஸ்ட்டை 1, −1 என்று எழுதுவதற்குப் பதில் 0.5, −0.5 என்று எழுதினாலே எண் 4 மடங்கு கூடிவிடும்; டிசைனில் ஒன்றும் மாறியிருக்காது. ஒரே கான்ட்ராஸ்ட், ஒரே அளவுகோல், ஒரே மொத்த நேரம் என்று வைத்துக்கொண்டு இரண்டு டிசைன்களை ஒப்பிடுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள்.

முதல்ல நல்ல டிசைன் ஒண்ணு போட்டுட்டு, எதை எதோட ஒப்பிடறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாமா?

கூடாது. எந்த ஒப்பீட்டுக்கு என்று சொல்லாமல் நல்ல டிசைன் என்று ஒன்று கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழ்ச் சொல், 2 வினாடி கழித்து அதே பொருளுள்ள படுகுச் சொல், பிறகு 20 வினாடி மௌனம் என்று எப்போதும் ஜோடியாகவே போடுகிறீர்கள். ஓடையில் இரண்டு வெள்ளமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இரண்டு ரெக்ரஸருக்கும் (டிசைன் மேட்ரிக்ஸில் ஒவ்வொரு மொழிக்கும் உரிய நிரல்) இடையிலான ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.8 அளவில் இருக்கும். இரண்டின் அளவும் சமம் என்று கொண்டால், தமிழும் படுகும் சேர்ந்த மொத்த விளைவின் வேரியன்ஸ் 2 ÷ (1 + 0.8) = 1.11. தமிழ் கழித்தல் படுகு என்ற வித்தியாசத்தின் வேரியன்ஸ் 2 ÷ (1 − 0.8) = 10. ஒரே தரவு, ஒரே செலவு. ஒரு கேள்விக்கு மற்றதைவிட 9 மடங்கு மோசம். ஓய்வே அதிகம் விடாமல், ஒரே மொழிச் சொற்களைச் சில வினாடி தொடர்ந்து போடும் தமிழ் பிளாக், படுகு பிளாக் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒட்டுறவு −0.8 பக்கம் போகும். இப்போது வித்தியாசம் 1.11, மொத்தம் 10.

ஆகவே ‘ரெக்ரஸர்களுக்கு இடையே ஒட்டுறவு இருக்கிறது, டிசைன் கெட்டுவிட்டது’ என்று பயப்பட வேண்டாம். உங்கள் கேள்வியை அந்த ஒட்டுறவு பாதிக்கிறதா என்பதே விஷயம்.

பிளாக் டிசைன் பழைய காலத்து முறைன்னு சொல்றாங்களே?

ஒரு பகுதி வேலை செய்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கு இன்றும் பிளாக்கை வெல்ல எதுவும் இல்லை. 16 வினாடி ஒன்று, 16 வினாடி மற்றொன்று என்று மாற்றினால் ஒரு சுற்று 32 வினாடி, அதாவது சுமார் 0.03 ஹெர்ட்ஸ். ஓடை மெதுவானது என்பதால் வேகமான மாற்றங்களை மழுங்கடித்துவிடும். மறுபுறம், ஸ்கேனரின் மெதுவான நகர்வு, மூச்சு, இதயத்துடிப்பு எல்லாம் சேர்ந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சலைக் குவிக்கும். இரண்டுக்கும் நடுவே திறந்திருக்கும் சந்து சரியாக 0.03 பக்கம். பிளாக் 15 முதல் 20 வினாடிக்குள் இருந்தால் அந்தச் சந்தில் நுழைந்துவிடும்.

பிளாக்கின் குறை வேறு. அடுத்து என்ன வரும் என்று பங்கேற்பவருக்குத் தெரிந்துவிடும், சலிப்பு வரும், தவறாகப் பதில் சொன்ன சொற்களைத் தனியே பிரிக்க முடியாது, ஓடை எப்படி ஏறி இறங்கியது என்ற வடிவமும் கிடைக்காது.

நாலு கண்டிஷன், ஒவ்வொண்ணும் 30 செகண்ட், அப்புறம் 30 செகண்ட் ஓய்வு. எதுவுமே வரலையே, ஏன்?

ஒரு கண்டிஷன் (ஒப்பிடும் தூண்டல் வகைகளில் ஒன்று) மறுபடி வருவதற்கு 150 வினாடி ஆகிறது. எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை அலசும் எஸ்.பி.எம். மென்பொருள் வழக்கமாக 128 வினாடிக்கு மேற்பட்ட மெதுவான மாற்றங்களை வடிகட்டி எறிந்துவிடும். நைலேர்ன் என்ற இன்னொரு மென்பொருளில் அந்த எல்லை 100 வினாடி. உங்கள் சிக்னலின் பெரும்பகுதி இரைச்சலோடு சேர்ந்து வடிகட்டியில் போய்விட்டது. வடிகட்டியைத் தளர்த்தினால் சிக்னல் திரும்பும், கூடவே இரைச்சலும் திரும்பும், லாபமில்லை.

பிளாக்கை 15 வினாடியாகக் குறையுங்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு கண்டிஷன்களை அடுத்தடுத்து வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றுங்கள். ஓய்வை ஒவ்வொரு சுற்றிலும் வைக்காமல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வைத்தாலும் போதும்.

ஒரு சொல்லோட வெள்ளம் வடிஞ்ச பிறகுதானே அடுத்த சொல்லைப் போடணும்? 15 செகண்ட் விட்டாப் போதுமா?

வடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழும் அலைகளையும் பிரித்தெடுக்க முடியும் என்று ஆன்டர்ஸ் டேலும் ராண்டி பக்னரும் 1997இல் காட்டினார்கள். 10 நிமிடத்தில் 15 வினாடிக்கு ஒன்று என்றால் 40 சொற்கள். 3 வினாடிக்கு ஒன்று என்றால் 200.

நிபந்தனை ஒன்றுதான்: வரிசை ஒழுங்காக இருக்கக் கூடாது. ஒரே வகைச் சொல்லை சரியாக 2 வினாடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால், இடைவிடாத தூறலில் ஓடை ஒரே மட்டத்தில் நிற்பதுபோல் சிக்னல் தட்டையாகிவிடும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, அளப்பதற்கு ஒன்றும் இல்லை. தமிழும் படுகும் தற்செயல் வரிசையில் கலந்து வந்தால் சில இடங்களில் தமிழ் கூடிக் கிடக்கும், சில இடங்களில் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தகவல் இருக்கிறது.

எவ்வளவு நெருக்கலாம் என்றால், 2 வினாடிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. அதற்குக் கீழே இரண்டு வெள்ளமும் கூட்டினால் வரவேண்டிய உயரத்தைவிடக் குறைவாகவே மட்டம் உயரும். நம் கணக்கு நேர்கோட்டுக் கூட்டலை நம்பியிருக்கிறது.

வெற்று ட்ரையல் கட்டாயமா? ஸ்கேன் நேரம் வீணாகுதே.

ட்ரையல் என்பது ஒரு முறை தூண்டல் போடுவது; வெற்று ட்ரையலில் அந்த இடத்தில் சொல் எதுவும் வராது. உங்கள் கான்ட்ராஸ்ட்டைப் பாருங்கள். தமிழ் கழித்தல் படுகு மட்டுமே கேள்வி என்றால் வெற்று ட்ரையல் உண்மையிலேயே வீண். அந்த இடத்தில் இன்னொரு சொல்லைப் போடலாம். ‘எந்த மொழியானாலும் சரி, சொல் கேட்டதும் எந்தப் பகுதி விழிக்கிறது’ என்பதும் கேள்வி என்றால், சொல்லே இல்லாத கணங்கள் வேண்டும்.

எங்கள் பரிந்துரை: இரண்டு கேள்வியும் வருங்காலத்தில் எழும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு வெற்று. 3 வினாடி இடைவெளியில் 10 நிமிடத்துக்கு 200 இடங்கள்: 67 தமிழ், 67 படுகு, 66 வெற்று. மூன்றையும் ஒன்றாகக் கலக்குங்கள். வெற்று ட்ரையல் என்பது பங்கேற்பவர் பார்வையில் ஒரு தனி நிகழ்வு அல்ல; திரையில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு இன்னும் 3 வினாடி சும்மா இருப்பதுதான். நான்கைந்து வெற்று தொடர்ந்து வந்துவிட்டால் கவனம் வேறு எங்காவது போய்விடும், அப்படிப்பட்ட வரிசையைத் தூக்கிப் போடுங்கள்.

ஜிட்டரை எக்ஸெல்ல ரேண்டமா போட்டாப் போதுமா?

முதலில் ஒரு தெளிவு. ஜிட்டர் என்பது தூண்டல்களுக்கு இடையிலான இடைவெளியை வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே இருப்பது. இரண்டு வகைச் சொற்களின் வரிசை தற்செயலாக இருந்தாலே, ஒவ்வொரு வகைக்கும் இடைவெளி தானாக மாறிக்கொண்டேதான் இருக்கும். அது போதாதபோதுதான் தனியாக ஜிட்டர் வேண்டும்.

போடுவதானால் 2 முதல் 8 வினாடி வரை எல்லா இடைவெளிக்கும் சம வாய்ப்புக் கொடுக்காதீர்கள். சிறியது அதிகமாகவும் பெரியது அபூர்வமாகவும் வரட்டும். 60 ட்ரையலுக்கு: 2 வினாடி 32 முறை, 4 வினாடி 16 முறை, 6 வினாடி 8 முறை, 8 வினாடி 4 முறை. மொத்தம் 208 வினாடி. சம வாய்ப்பாகப் போட்டால் 300. ஒன்றரை நிமிடம் மிச்சம், அடுத்த சொல் எப்போது என்று ஊகிக்கவும் முடியாது.

அடுத்து, ஒரே ஒரு தற்செயல் வரிசையை எடுத்து நம்பாதீர்கள். பைத்தானிலோ மேட்லாப்பிலோ 1,000 வரிசைகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் நிலையான போல்டு வடிவத்தோடு கன்வால்வ் செய்து (ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வடிவத்தை வைத்து எல்லாவற்றையும் கூட்டி), வடிகட்டியையும் சேர்த்து, உங்கள் கான்ட்ராஸ்ட்டுக்கான செயல்திறனைக் கணக்கிடுங்கள். மேலே நிற்கும் 20, 30ஐ எடுத்து, ஒரே வகை ஐந்தாறு முறை தொடர்வதை நீக்கி, ஆளுக்கொரு வரிசை கொடுங்கள். வடிகட்டியைச் சேர்க்க மறந்தால், முதல் 5 நிமிடம் முழுக்கத் தமிழ், அடுத்த 5 நிமிடம் முழுக்கப் படுகு என்ற வரிசையைத்தான் கணினி ஆகச் சிறந்தது என்று சொல்லும். டோர் வேகரும் தாமஸ் நிக்கல்ஸும் 2003இல் இதே தேடலை மரபணு வழிமுறையால் (நல்ல வரிசைகளைக் கலந்து, இன்னும் நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும் கணினி முறையால்) செய்தார்கள். பல கான்ட்ராஸ்ட்டுகளைச் சமன்செய்ய வேண்டியிருந்தால் அது உதவும். இரண்டு கண்டிஷனுக்கு ஆயிரம் வரிசையே தாராளம்.

கடைசிச் சொல்லுக்குப் பிறகு 20 வினாடி ஸ்கேனரை ஓடவிடுங்கள். அதை விட்டுவிட்டு, கடைசி ஐந்தாறு சொற்களின் வெள்ளம் வருவதற்குள் கருவியை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

டி.ஆர். 2 செகண்ட், ட்ரையல் இடைவெளி 4 செகண்ட். ரவுண்டா இருக்கு, நல்லதுதானே?

ரவுண்டாக இருப்பதுதான் சிக்கல். டி.ஆர். என்பது ஒரு முழு மூளைப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு 0, 2, 4, 6ஆம் வினாடிகளில் மட்டுமே படம் எடுப்பீர்கள். 5ஆம் வினாடியில் என்ன ஆனது என்று ஒருபோதும் தெரியாது. இடைவெளியை 5 வினாடியாக்கினால் ஒரு சொல்லுக்கு இரட்டைப்படை வினாடிகள், அடுத்ததற்கு ஒற்றைப்படை வினாடிகள் என்று மாறிமாறி விழும். வினாடிக்கு ஒரு படம் எடுத்ததுபோல் வடிவம் கிடைக்கும். விளைவு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. வடிவத்தையோ உச்சம் வரும் நேரத்தையோ ஒப்பிடுபவருக்கு இது முக்கியம்.

மல்ட்டிபேண்ட் போட்டு டி.ஆரை 0.8 ஆக்கினா இரண்டரை மடங்கு டேட்டா வருமே?

மல்ட்டிபேண்ட் என்றால் பல ஸ்லைஸ்களை (மூளையின் மெல்லிய குறுக்குவெட்டுகளை) ஒரே நேரத்தில் எடுப்பது. படங்கள் இரண்டரை மடங்கு வரும், தகவல் வராது. அடுத்தடுத்த படங்களின் இரைச்சல் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல. மூச்சு, இதயத்துடிப்பு இரைச்சலைப் பிரிப்பதில் கொஞ்சம் லாபம் உண்டு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்கேனர் போடற சத்தத்துல சொல் எப்படிக் காதுல விழும்?

நியாயமான கவலை, படுகில் சில உயிரொலி வேறுபாடுகள் அமைதியிலேயே நுணுக்கமானவை. ஒரு வழி, விட்டுவிட்டுப் படம் எடுப்பது: 2 வினாடி படம், 8 வினாடி மௌனம். படம் எடுப்பதற்கு 5 வினாடி முன்பு சொல் முடிந்திருந்தால் உச்சத்தில் படம் கிடைக்கும். விலை என்னவென்றால் 10 நிமிடத்தில் 300 படங்களுக்குப் பதில் 60தான். ஒரு மௌனத்தில் ஒரே மொழியில் மூன்று, நான்கு சொற்களைப் போட்டு அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம்.

நல்ல காதடைப்பு ஹெட்போன் இருந்து, சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன என்று ஸ்கேனர் ஓடும்போதே சோதித்துப் பார்த்திருந்தால், தொடர்ந்து எடுப்பதே மேல். சோதனையை ஆராய்ச்சியாளர் படுத்துச் செய்யாமல், சொற்பட்டியலைப் பார்த்திராத ஒருவரைப் படுக்கவைத்துச் செய்யுங்கள். பட்டியல் தெரிந்தவருக்கு எல்லாச் சொல்லும் கேட்கும்.

தமிழ், படுகு ரெண்டையும் கலந்து போட்டா செயல்திறன் நல்லா வருது. அப்படியே போட்டுடலாமா?

எண் நல்லது என்பதற்காக மூளையில் நடப்பதை மறக்கக் கூடாது. இரண்டு மொழி தற்செயலாக மாறி மாறி வந்தால், கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். அந்தத் தாவலுக்கே ஒரு வேலைப்பளு உண்டு. நீங்கள் அளப்பது மொழிகளின் வேறுபாடா, தாவலா என்று பிறகு பிரிக்க முடியாது. வீட்டில் படுகு, கடைவீதியில் தமிழ் என்று வாழ்பவரின் இயல்பான நிலை, ஒரு மொழியில் சிறிது நேரம் தங்கியிருப்பது.

தங்கியிருக்கும் நிலைதான் கேள்வி என்றால் 16 வினாடி பிளாக். தாவல்தான் கேள்வி என்றால் கலவை. முந்தைய சொல் அதே மொழியா, வேறா என்பதை ஒரு கண்டிஷனாகவே எழுதி, தமிழ்–தமிழ், தமிழ்–படுகு, படுகு–தமிழ், படுகு–படுகு நான்கும் சம எண்ணிக்கையில் வரச் செய்யுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் சில பிளாக்குகள் ஒரே மொழி, சில பிளாக்குகள் கலவை, உள்ளே சொற்களுக்கு ஜிட்டர் என்று கலப்பு டிசைன். ஆனால் அதற்கு ஸ்கேன் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டும் வேண்டுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல்ல சொல், 4 செகண்ட் நினைவுல வெச்சுக்கணும், அப்புறம் பதில். மூணு கட்டத்தையும் தனித்தனியா பார்க்க முடியுமா?

காத்திருப்பு எப்போதும் 4 வினாடி என்றால் முடியாது. மூன்று வெள்ளமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விழும். மேலே ஜோடிச் சொற்களுக்கு நேர்ந்ததுதான் இங்கும். ஒரு ரெக்ரஸரை மற்றதற்குச் செங்குத்தாக்கினால் (பொதுவான பங்கை அதிலிருந்து கழித்துவிட்டால்) தீர்ந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள். அது பொதுப் பங்கு முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது மட்டும்தான். தகவல் எதுவும் அதிகரிக்காது.

இரண்டு வழி உண்டு. காத்திருப்பை 2 முதல் 12 வினாடி வரை மாற்றுங்கள். அல்லது மூன்றில் ஒரு பங்கு ட்ரையலில் பதில் கட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டாவது வழியில், பதில் வராதது பங்கேற்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. ‘சில முறை பதில் கேட்க மாட்டோம்’ என்று முன்பே சொல்லிப் பழக்குங்கள். அதோடு, உங்கள் கேள்வி ‘நினைவில் வைக்கும்போது தமிழுக்கும் படுகுக்கும் என்ன வித்தியாசம்’ என்பது மட்டும் என்றால், கட்டங்களைப் பிரிப்பதில் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

எத்தனை பேர் வேணும்? ஒருத்தருக்கு எத்தனை நிமிஷம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லோருக்கும் பொருந்தும் எண் இல்லை; ஆனால் கணக்கு எளிது. ஆளுக்கு ஆள் உள்ள வேரியன்ஸ் 1 என்றும், ஒருவருக்குள் 10 நிமிட ஸ்கேனில் உள்ள வேரியன்ஸ் 4 என்றும் வைத்துக்கொள்வோம். நிமிடத்தைக் கூட்டினால் இரண்டாவது குறையும், முதலாவது குறையாது. இரண்டையும் கூட்டி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் குழு முடிவின் வேரியன்ஸ்.

ஒவ்வொருவரையும் படுக்கவைத்து, தலையைச் சுற்றிச் சிக்னல் வாங்கும் காயிலை மாட்டி, உடற்கூற்றுப் படம் எடுத்து முடிக்க 30 நிமிடம் போகிறது. மொத்தம் 16 மணி நேரம் வாங்க முடியும் என்று கொள்வோம். ஆளுக்கு 10 நிமிட டாஸ்க் என்றால் 24 பேர்: 5 ÷ 24 = 0.208. 20 நிமிடம், 19 பேர்: 3 ÷ 19 = 0.158. 30 நிமிடம், 16 பேர்: 2.33 ÷ 16 = 0.146. 40 நிமிடம், 13 பேர்: 2 ÷ 13 = 0.154. 60 நிமிடம், 10 பேர்: 0.167. இங்கே 30 நிமிடம் ஜெயிக்கிறது. ஆயத்த நேரமே இல்லையென்றால் ஆட்களைக் கூட்டுவதே எப்போதும் மேல். மலையிலிருந்து இறங்கி வரும் செலவையும் ஆயத்தக் கணக்கில் சேர்த்தால் ஆளுக்கான நிமிடம் இன்னும் கூடும்.

இருந்தாலும் அரைமணிக்கு மேல் ஒரே டாஸ்க்கில் ஆட்கள் தூங்கிவிடுகிறார்கள். 7, 8 நிமிட ரன்களாக (இடையில் நிறுத்தாமல் ஓடும் ஸ்கேன்களாக) பிரித்து, நடுவே பேசுங்கள். 16 பேர் என்பதும் இந்தக் கற்பனை எண்களுக்கான விடைதான். விளைவு சிறியது என்றால் 16 மணி நேரமே போதாது என்பதுதான் பதில்.

முதல் ரன்ல தமிழ், ரெண்டாவது ரன்ல படுகு. சுலபமா இருக்குமே?

செய்யாதீர்கள். ஒவ்வொரு ரன்னுக்கும் அடிமட்டம் வேறு, களைப்பு வேறு, தலை கிடக்கும் இடமும் கொஞ்சம் வேறு. ஒப்பிட வேண்டிய எல்லாக் கண்டிஷனும் ஒவ்வொரு ரன்னுக்குள்ளும் வர வேண்டும்.

சொல்லை வாய்விட்டுச் சொல்லச் சொல்லலாமா? தலை ஆடுமே?

தலை ஆடும், ஆனால் தாடை அசைவின் குழப்பம் பேசும் அந்த இரண்டு வினாடிக்குள் வந்து போகும். போல்டு உச்சம் 5, 6 வினாடியில். சொற்களை இடைவெளி மாற்றி ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டையும் பிரிக்கலாம். பிளாக்கில் பேசவைத்தால் அசைவும் சிக்னலும் ஒரே 16 வினாடியில் ஏறி இறங்கும், பிரிக்கவே முடியாது. மற்ற இடங்களில் ஜெயிக்கும் பிளாக் இங்கே தோற்கிறது.

ஊட்டிக்காரங்களையும் கோயம்புத்தூர்க்காரங்களையும் ஒப்பிடலாமா?

எச்சரிக்கையோடு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோவை சுமார் 410 மீட்டர். உயரத்தில் வாழ்பவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். போல்டு சிக்னலின் அளவு அதைப் பொறுத்தும் மாறும். ஆகவே ‘ஊட்டிக் குழுவுக்கு சிக்னல் அதிகம்’ என்ற முடிவு நரம்பைப் பற்றியதா, ரத்தத்தைப் பற்றியதா என்று தெரியாது. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கண்டிஷன் கழித்தல் இன்னொன்று என்று எடுத்து, அந்த வித்தியாசத்தைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பல்ல; ரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிகின்றன என்பதை அளக்க, 15 வினாடி மூச்சைப் பிடிக்கும் ஒரு சிறு ரன்னையும் எடுத்து வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இவை எந்தக் குழுவானாலும் பொருந்தும். டீயில் உள்ள காஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. தினமும் குடிப்பவரை அன்று மட்டும் நிறுத்தச் சொன்னால் ஓட்டம் எதிர்ப்பக்கம் போகும். வழக்கமான டீயைக் குடிக்கட்டும்; கடைசி டம்ளர் எப்போது என்று எழுதிக்கொண்டு, எல்லோருக்கும் அந்த இடைவெளியை ஒரே மாதிரி வையுங்கள். மலைப்பாதையில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரைகளில் பல, தூக்கம் வரவைப்பவை. ‘மாத்திரை ஏதாவது போடறீங்களா’ என்று கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை. ‘பஸ்ஸுக்கு மாத்திரை போட்டீங்களா’ என்று கேளுங்கள். முடிந்தால் முதல்நாளே இறங்கித் தங்கவையுங்கள்.

நீலகிரித் தைல வாசனையை வெச்சு ஒரு பரிசோதனை. மூணு செகண்டுக்கு ஒண்ணுன்னு போடலாமா?

வாசனைக்கு மேலே சொன்ன வேகக் கணக்கு செல்லாது. மூக்கு பழகிவிடும், குழாயில் தங்கிய மணமும் உடனே போகாது. 2 வினாடி வாசனை, 25 முதல் 35 வினாடி சுத்தக் காற்று என்று மெதுவாகவே போக வேண்டும். 10 நிமிடத்தில் சுமார் 19 முறை. மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தோடு வாசனையைச் சேர்த்து விடுங்கள், இல்லையென்றால் பாதி முறை மூக்குக்கே போகாது.

தைலத்தில் உள்ள சினியோல் என்ற பொருள் மணம் மட்டும் அல்ல, மூக்கில் குளிர்ச்சியும் தருகிறது. அது வேறு நரம்பின் வேலை. மல்லிகை போலக் குளிர்ச்சியில்லாத மணத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் கலந்து வரும். மேலும், வாசனையை அறியும் பகுதிகள் சைனஸ் காற்றறைக்கு மேலே இருப்பதால் அங்கே சிக்னல் அழிந்துபோகும். ஸ்லைஸை 2 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக்கி, சுமார் 30 டிகிரி சாய்த்து எடுக்கச் சொல்லி, முதல் ஆளின் படத்தில் அந்த இடம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லாத சிக்னலை எந்த டிசைனும் மீட்டுத் தராது.

ஒவ்வொரு சொல்லோட பேட்டர்னையும் தனியா எடுத்து டீகோடிங் பண்ணணும். இதே டிசைன் போதுமா?

போதாது. டீகோடிங் என்பது மூளைப் படத்தின் வடிவத்தைப் பார்த்து எந்தச் சொல், எந்த மொழி கேட்டது என்று கணினியை ஊகிக்கவைப்பது. சராசரிக்கு உதவும் நெருக்கம், ஒற்றை ட்ரையலின் மதிப்பீட்டைக் கெடுக்கும். பக்கத்துச் சொல்லின் வெள்ளம் இதன் கணக்கில் கலந்துவிடும். இடைவெளியை 6 முதல் 10 வினாடிக்கு நீட்டுங்கள், அல்லது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனி மாடல், மீதி எல்லாம் ஒரே ரெக்ரஸர் என்ற முறையில் மதிப்பிடுங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் வேறுவேறு ரன்களைப் பிரிப்பதால், 15 நிமிட ரன் இரண்டைவிட 5 நிமிட ரன் ஆறு நல்லது. ஒவ்வொன்றிலும் தமிழும் படுகும் சம எண்ணிக்கை.

அஞ்சு பேரை ஸ்கேன் பண்ணின பிறகுதான் டிசைன் சரியில்லைன்னு தெரியுது. என்ன பண்றது?

முதலில் நிறுத்துங்கள். ஆறாவது ஆளை ஏற்கெனவே வரச்சொல்லியாயிற்று என்பதற்காக அவரையும் இறக்கிக் கொண்டுவர வேண்டாம். பிறகு, எடுத்த ஐந்து பேரின் டிசைன் மேட்ரிக்ஸில் எந்த கான்ட்ராஸ்ட்டுக்கு நல்ல செயல்திறன் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். தமிழ் கழித்தல் படுகு கிடைக்காது, ஆனால் சொல் கழித்தல் ஓய்வு கிடைக்கும் என்றால், அது காது கேட்கும் பகுதி சரியாக வருகிறதா என்று இயந்திரத்தையும் ஹெட்போனையும் சோதிக்கவாவது உதவும்.

அந்தத் தரவிலிருந்து இன்னொன்றும் எடுக்கலாம்: மேலே எத்தனை பேர் என்ற கணக்குக்குத் தேவையான இரைச்சலின் அளவு. ஒருவருக்குள் உள்ள வேரியன்ஸுக்கு ஐந்து பேர் தரும் மதிப்பு பயன்படும். விளைவின் அளவை மட்டும் அவர்களிடமிருந்து எடுக்காதீர்கள். ஐந்து பேரில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் தற்செயலால் உப்பியது, அதை நம்பினால் ஆட்கள் குறைவாகவே போதும் என்று கணக்கு ஏமாற்றும். டிசைனை மாற்றிய பிறகு இந்த ஐந்து பேரையும் புதிய குழுவில் சேர்க்கக் கூடாது. கட்டுரையில் அவர்களைப் பைலட் (முன்னோட்டச் சோதனை) என்று, எத்தனை பேர், எந்த வரிசை, ஏன் மாற்றினோம் என்பதோடு எழுதுங்கள்.